கஞ்சி போன துணி

அண்ணி,

அண்ணனின் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், சாவியை ஒப்படைக்க வேண்டும். பரண்மேல் இருந்ததையெல்லாம் இறக்கியபோது உங்கள் ஒயர் கூடை வந்தது. பச்சையும் வெள்ளையுமாக, ஒரு பக்கக் காது பிய்ந்து சணல் கயிற்றால் கட்டிய அதே கூடை. உள்ளே கையை விட்டுத் தடவினேன். அடியில் கறுத்துச் சுருங்கிய சாத்துக்குடித் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்தால் இன்னும் லேசாக வாசனை இருக்கிறது. சாத்துக்குடியும் பினாயிலும் கலந்த வாசனை. எல்லோருடைய அண்ணியிடமும் மல்லிகைப்பூ மணக்கும், எனக்கு வாய்த்த அண்ணியிடம் மட்டும் ஆஸ்பத்திரி மணக்கிறது என்று நான் கேலி செய்வேன். நீங்கள் காதிலேயே வாங்காமல் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்புவீர்கள்.

அண்ணன் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "அதத் தூக்கிக் குப்பையில போடு" என்றார், திரும்பிப் பார்க்காமலே. நான் போடவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு தெரு தள்ளி இருந்த உங்களுக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. பேசினால் கேட்கும் தூரத்தில் இருக்கிறவருக்கு யார் எழுதுவார்கள்?

டவுன்ஷிப்பில் யாராவது அட்மிட் ஆனால், ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்குள் உங்களுக்குச் செய்தி வந்துவிடும். ஊர் அப்படிப்பட்ட ஊர். ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் தருமபுரி, ஒருவர் தஞ்சாவூர். சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வந்து சேருவதற்குள் படுத்தவன் எழுந்துவிடுவான், இல்லை முடிந்துவிடுவான். அதனால் படுத்துவிட்டால் பிளாக்கில் இருப்பவர்கள்தான் சொந்தம். அந்தச் சொந்தங்களுக்கெல்லாம் நீங்கள்தான் தலைவி. பிள்ளை இல்லாத வீடு, அண்ணன் ஷிஃப்ட்டுக்குப் போனபின் உங்களுக்கு வேறென்ன வேலை என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்களே படுத்தபோது அவர்களுக்கும் நீங்கள்தான் இட்லி கொண்டு போனீர்கள்.

உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வருவது எனக்கு ஒரு வேடிக்கை. நேராகப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிடுவீர்கள். நோயாளியின் கையை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொள்வீர்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிடுவீர்கள். அதோடு விடுவீர்களா? "பக்கத்து பெட்டுக்கு யாருமே வரல பாரு மலரு" என்று அங்கேயும் போய், அதே முந்தானையால் அந்த முகத்தையும் துடைப்பீர்கள். நர்ஸ் கத்துவார். "ஏம்மா, நீங்க ஒருத்தரே வார்டு பூரா கிருமியைப் பங்கு வெச்சிக் குடுத்துடுவீங்க போல." நீங்கள் அந்த நர்ஸுக்கும் ஒரு சாத்துக்குடியை எடுத்து நீட்டுவீர்கள்.

எனக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான். பொய் சொல்வது. எலும்பும் தோலுமாகக் கிடக்கிறவரைப் பார்த்து, போன வாரத்துக்கு இந்த வாரம் கலர் வந்திருக்கு என்பேன். ஊரிலிருந்து மகன் கிளம்பிவிட்டானாம் என்பேன். வெளியே வந்ததும் நீங்கள் சொல்வீர்கள், "வாசல்ல செருப்பக் கழட்டும்போதே உண்மையையும் கழட்டி வெச்சிட்டுதான் உள்ள வர்ற நீ." சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். அது ஒரு நாள் என் கழுத்துக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் கல் நெஞ்சுக்காரி. கல்யாணத்துக்கு வராதவரை விட்டுவிடுவீர்கள். கொடுத்த பாத்திரத்தைத் திருப்பித் தராதவரையும் விட்டுவிடுவீர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்க்காதவரை மட்டும் விடவே மாட்டீர்கள். உங்கள் கூடப்பிறந்த தங்கை செல்வியையே விடவில்லை.

மழையில் வண்டி சறுக்கி அண்ணனுக்குக் கால் முறிந்த அந்தச் சமயம். பிளாக்கே திரண்டு வந்தது. குறிஞ்சிப்பாடியில் தறி போட்டுக்கொண்டிருந்த செல்வி மட்டும் வரவில்லை. அவள் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, நோயாளி படுத்திருக்கும் இடம் என்றால் அறவே கூடாது. இது நீங்களும் பிறந்து வளர்ந்த வீட்டு வழக்கம்தான். அவள் ஆள் மூலம் சொல்லியும் அனுப்பினாள். நீங்கள் கேட்கவில்லை. "ஆத்தா பேரச் சொல்லித் தப்பிச்சிகினா" என்றீர்கள். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த கையோடு, கட்டைப்பை நிறையப் பண்டங்களோடு அவள் ஓடி வந்தாள். அதற்குள் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் இதே சமையலறையில் நின்று அழுதாள். நீங்கள் காபி போட்டுக் கொடுத்தீர்கள், முகம் கொடுக்கவில்லை. அவள் போனபின் என்னிடம் சொன்னீர்கள்.

"வூட்டுக்கு வர்றது விருந்தாளியா வர்றது. ஆஸ்பத்திரிக்கு வர்றதுதான் வர்றது."

பெரிய சட்டம் இயற்றிவிட்டீர்கள் என்று அன்றைக்கே எனக்குக் கோபம். அதன்பிறகு வருஷக் கணக்கில் உங்கள் இருவருக்கும் நடுவில் "வா" என்ற சொல்லும் "குந்து" என்ற சொல்லும்தான் புழங்கின. பொங்கலுக்கு அவள் நெய்த துணி வரும். நீங்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, மடித்தது மடித்தபடி பீரோவில் வைப்பீர்கள். ஒன்றைக்கூட உடுத்தியதில்லை.

பிறகு உங்களுக்கே வந்தது. முதலில் கையில் காரணமில்லாமல் நீலம் பாரித்தது. பல் துலக்கினால் ரத்தம். இரண்டு படி ஏறினால் இளைப்பு. ரத்தத்தில் வந்த நோய் என்றார்கள். புதுச்சேரியில் ஊசி மருந்து ஏற்றி அனுப்புவார்கள். முடி கொட்டியது. நீங்கள் அதற்கு அழவில்லை, "சீயக்கா மிச்சம்" என்றீர்கள். ஒவ்வொரு மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் வரும். அப்போது நம் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில், மாடியில், ஒரு தனி அறையில் சேர்ப்பார்கள்.

கடைசித் தடவை சேர்த்தபோது அந்தப் பெண் டாக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். சின்னப் பெண், பொறுமையாகப் பேசுவார். "ரத்தத்துல வெள்ளணு ரொம்பவே கம்மியா இருக்குங்க. நமக்கு ஒரு சாதாரணச் சளி, ரெண்டு நாள்ல போயிடும். இவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. பார்க்க வர்றவங்க ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் போகட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு, மாஸ்க் போட்டுட்டு, தள்ளி நின்னு பார்த்துட்டு உடனே வந்துடணும். கட்டில்ல உட்காரவே கூடாது. பூ வேணாம், பழம் வேணாம், வெளிச் சாப்பாடு வேணாம். சளி, இருமல், காய்ச்சல், வயித்துப்போக்கு எது இருந்தாலும் உள்ள விடாதீங்க. நீங்கதான் பார்த்துக்கணும்."

யாருக்கு இந்தச் சட்டம் என்று பாருங்கள் அண்ணி. ஊரில் இருக்கும் கட்டில் விளிம்பெல்லாம் உட்கார்ந்து தேய்த்த உங்களுக்கு. நான் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் கை கழுவும் தொட்டி, மாஸ்க் டப்பா, கை தேய்க்கும் மருந்து. அண்ணன் மதியம் சூடாகக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு கீழே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவார். "என்ன ஜெயில்ல வெச்சிட்டு வாசல்ல காவலும் குந்திகினியா?" என்று உள்ளேயிருந்து கேட்டீர்கள். "ஆமாங்கண்ணி, ஜாமீன் கிடைக்கிற வரைக்கும்" என்றேன். அன்று நீங்கள் சிரித்தீர்கள்.

கூட்டம் வந்தது. வராமல் இருக்குமா? நீங்கள் போய்ப் பார்த்த அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். ஷிஃப்ட் முடிந்த உடுப்போடு வந்தார்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள், கோயில் பூவோடும் விபூதியோடும் வந்தார்கள். நான் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டேன், சளி இருக்கா, இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா. ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தூசி அலர்ஜி என்றார். அலர்ஜிக்காரர் கண் இப்படியா கோவைப்பழமாக இருக்கும்? திருப்பி அனுப்பினேன். நாத்தனார்க்காரி வாசலில் உட்கார்ந்து அந்தப் புண்ணியவதியை யாரும் பார்க்கவிடாமல் செய்கிறாள் என்று அவர் போய் ரேஷன் கடை வரிசையில் சொல்லிவிட்டார். சொல்லட்டும். நாத்தனார் என்று பிறந்துவிட்டால் கெட்ட பெயர் கூடவே பிறந்துவிடுகிறது.

ஒன்றுதான் எனக்கு வலித்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து கீரை கொண்டுவரும் அம்மா வந்தார். அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது நீங்கள் போய்க் கால் பிடித்துவிட்டீர்கள். அவர் கை கழுவி, மாஸ்க் போட்டு, உள்ளே போனதும் உங்கள் காலைத் தொடப் போனார். "தொடாதீங்க" என்று வாசலிலிருந்து சத்தம் போட்டுவிட்டேன். அவர் கை அப்படியே நின்றது. அந்தச் சொல் அவர்கள் ஊரில் எந்தப் பொருளில் புழங்கிய சொல் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் பின்னாலேயே போய், எல்லோருக்கும் இதே சட்டம்தான், டாக்டர் சொன்னது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "தெரியும்மா" என்றார். படியிறங்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினார்.

உள்ளே நீங்கள் நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டே போனீர்கள். "கண்ணு மட்டும்தான் தெரியுது மலரு. யாரு வந்தாங்கன்னே தெரியல. தூரமா நின்னு தலைய ஆட்டிட்டுப் போயிடறாங்க. இதுவா பாக்க வர்றது?" என்றீர்கள். ஊரார் கையையெல்லாம் பிடித்துக்கொண்டவர், தன் கையைப் பிடிக்க ஆளில்லாமல் கிடந்தீர்கள். நான் பிடித்தேன். ஆனால் கையுறைக்குள்ளிருந்து பிடித்தேன்.

ஒரு சாயங்காலம் சுவரைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"செல்விக்குச் சேதி தெரியுமா?"

அத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை உங்கள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். "தெரியும் அண்ணி. வரச் சொல்லட்டுமா?"

"நான் வரச் சொன்னேன்னு சொல்லாத. தானா வரணும்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒரு தபா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டான்னா போதும். நான் எல்லாத்தையும் வுட்டுடுவேன்" என்றீர்கள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் துடைத்தேன்.

அன்றே செல்வியிடம் பேசினேன். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் மாடிப்படி ஏறி வருகிறாள். கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். மூச்சு வாங்குகிறது. என்னைப் பார்த்ததும், "அக்கா முழிச்சிகினு இருக்குதா?" என்றாள். சந்தோஷத்தில் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். பழக்கதோஷத்தில் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"சளி, இருமல் எதுவும் இல்லையே செல்வி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அங்கே நின்ற நேரத்தில் ஒரு தடவைகூட இருமவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பி அனுப்பியிருப்பேன்.

"இருமல் இருக்குது மலரக்கா. ராவெல்லாம் இருமிகினே இருக்கறேன். தறி வூட்டுல எல்லாருக்கும் வந்துகினு இருக்குது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கூடாதா?" என்றாள்.

நான் நர்ஸிடம் ஓடினேன். நர்ஸ் டாக்டரைக் கேட்டார். மாஸ்க் இரண்டு போட்டு, கதவருகே நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று கெஞ்சினேன். "இன்னிக்கு வெள்ளணு நேத்தைவிடக் கம்மிங்க. இருமல் நின்னதும் வரட்டும். இப்ப வேணவே வேணாம்" என்றார் டாக்டர். அவர் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அது சரி என்றுதான் நான் சொல்வேன்.

செல்வி மறுபேச்சுப் பேசவில்லை. "அம்மை கண்டப்பவும் போவக் கூடாதுன்னுதான் போவல. அது அக்காவுக்குப் புரியல. இப்பவும் கூடாதுன்னா கூடாதுதான்" என்றாள். பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். "தலையில கட்டிக்க மெலிசா ஒரு துணி. நானே நெய்ஞ்சேன். அக்காவுக்குக் குடுத்துடு." கீழே போய் அண்ணன் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

நான் உள்ளே வந்து சொன்னேன். "அண்ணி, செல்வி வந்திருக்கா. கீழதான் நிக்கறா. இருமல் இருக்குன்னு டாக்டர் விடல."

உங்கள் முகம் ஒரு நொடி மலர்ந்ததைப் பார்த்தேன். அப்புறம் அது மூடிக்கொண்டதையும் பார்த்தேன். "அன்னிக்கி அம்மை. இன்னிக்கி இருமலா?" என்றீர்கள்.

"சத்தியமா வந்திருக்கா அண்ணி."

"நீ ஊர்ல எத்தினி பேருக்கு, மகன் கிளம்பிட்டான், மகன் கிளம்பிட்டான்னு சொல்லியிருக்க. நான் பக்கத்துல நின்னு கேட்டவதானே."

போனில் செல்வியைக் கூப்பிட்டு, முகம் தெரியும்படி வைத்து, உங்கள் முன்னால் நீட்டினேன். "அக்கா, கீழதான் நிக்கறேன் அக்கா" என்று அவள் குரல் கேட்டது. ஆஸ்பத்திரியின் மஞ்சள் சுவர் அவள் பின்னால் தெரியட்டும் என்று பார்த்தால், வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, இலைதான் தெரிந்தது. வேப்பிலை. நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். "வூட்டு வாசல்ல நின்னுகினு பேசறா. போன வை" என்றீர்கள். ஜன்னல் வரைக்கும் உங்களைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கையில் ஊசி, குளுக்கோஸ், எழுந்தால் தலை சுற்றி விழுவீர்கள். மரம் வேறு கட்டடத்தின் மறுபக்கத்தில் இருந்தது.

மிச்சம் இருந்தது அந்தத் துணி. இதைக் கொடுத்தால் நம்புவீர்கள் என்று எனக்கு நிச்சயம். காகிதத்தைப் பிரித்ததுமே கஞ்சி வாசனை குப்பென்று வந்தது. உங்கள் அப்பா வீட்டுத் தறிக்கூடத்து வாசனை, பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்த அந்தப் புளித்த வாசனை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவீர்கள், யார் வீட்டுத் துணி என்று. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகப் போனேன். நர்ஸ் பார்த்துவிட்டார். "இருமறவங்க கையிலேர்ந்து வந்த துணி. அப்படியே குடுக்காதீங்கம்மா. வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லாக் கொதிக்க வெச்சு, வெயில்ல காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டாங்க." அதுவும் சரிதான். எல்லாமே சரிதான் அண்ணி.

வீட்டுக்குப் போய்ப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டேன். துணியைப் போட்டதும் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. அடுக்களை முழுக்கக் கஞ்சி மணத்தது. நன்றாக வெந்து கிருமி எல்லாம் சாகட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். என் புத்தி அதோடு நின்றுவிட்டது. காயவைத்து, இஸ்திரி போட்டு, சுத்தமான பையில் வைத்து, மறுநாள் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன்.

நீங்கள் வாங்கிப் பார்த்தீர்கள். இரண்டு விரலால் நெருடினீர்கள். முகத்தில் வைத்து மூச்சை இழுத்தீர்கள், ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அந்த இரண்டாம் தடவை உங்களுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று நான் பார்த்தேன்.

"இது எங்க வூட்டுத் துணி இல்ல மலரு."

"செல்வி நெய்ஞ்சது அண்ணி."

"எங்க வூட்டுத் துணி புதுசுல மொடமொடன்னு நிக்கும். கஞ்சி வாசன அடிக்கும். இது கடைத் துணி."

கொதிக்க வைத்தேன் அண்ணி, கஞ்சி போய்விட்டது, நர்ஸ் சொன்னார் என்று தலைகீழாக நின்று சொன்னேன். நர்ஸையே கூட்டி வந்து சொல்லச் சொன்னேன். "ஆமாங்க, நான்தான் சொன்னேன்" என்று அவரும் சொன்னார். நீங்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். கோபம்கூட இல்லை உங்களுக்கு. என் கையுறைமேல் உங்கள் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தீர்கள்.

"நீ நல்லவ மலரு. எனக்காக நர்ஸம்மாவைக்கூடப் பொய் சொல்ல வெச்சிட்ட. போவட்டும், கட்டி வுடு. மெத்துனு இருக்குது."

உங்கள் மொட்டைத் தலையில் அதைக் கட்டிவிட்டேன். அது செல்வி நெய்தது என்பதுதான், என் வாழ்நாளில் ஆஸ்பத்திரிக்குள் ஒரு நோயாளியிடம் நான் சொன்ன ஒரே உண்மை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து அழுதேன். கை கழுவ வந்தவர்கள் எல்லாம் உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தார்கள்.

செல்வி தினமும் போன் செய்தாள். "இன்னும் வுடல மலரக்கா. கஷாயம் குடிச்சிகினுதான் இருக்கறேன்" என்பாள். நீங்கள் அவளைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை. இருமல் விடுவதற்குள் உங்களுக்குக் காய்ச்சல் ஏறியது, குளிர் தூக்கிப் போட்டது, நினைவு தப்பியது. ஒரு மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் டாக்டரிடம் கேட்டேன். எப்படி வந்தது? யார் மூலமாக வந்தது? ஒருத்தரைக்கூடக் கை கழுவாமல் விடவில்லையே. அவர் என் தோளைத் தொட்டார். "வெளியிலேர்ந்துதான் வரணும்னு இல்லீங்க. நம்ம உடம்புக்குள்ள எப்பவும் இருக்கற கிருமியே சில நேரம் கிளம்பிடும். நீங்க காவல் இருந்ததால்தான் இத்தனை நாள் தாங்கினாங்க." ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஊரையே வாசலில் நிறுத்தினேன், உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது. இது மன்னிப்புக் கேட்டு எழுதும் கடிதம் இல்லை அண்ணி. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டாவது ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

உங்களை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நடு ஹாலில் கிடத்தினோம். அப்புறம் யார் யாரைத் தடுப்பது? அலர்ஜிக்காரர் வந்து உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். குழந்தைகள் எட்டி எட்டிப் பார்த்தன. கீரைக்கார அம்மா உங்கள் காலைக் கட்டிக்கொண்டு, வேண்டுமளவு தொட்டுத் தொட்டு அழுதார். உங்கள் கை ஒவ்வொருவர் கையாக மாறிக்கொண்டே இருந்தது. பூ முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. நீங்கள் உள்ளே ஏங்கிக் கிடந்தது இந்தக் கூட்டத்துக்குத்தான்.

வாசல் பக்கம் வந்தேன். காம்பவுண்டுக் கேட்டுக்கு வெளியே செல்வி நின்றுகொண்டிருந்தாள். வந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும், வியர்வையில் ஜாக்கெட் நனைந்திருந்தது. முகத்தில் மாஸ்க். எல்லோரும் அவளை உரசிக்கொண்டு உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் போகவில்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினாள். இரண்டு கையும் ஈரம்.

"இருமல் இன்னும் முழுசா வுடல மலரக்கா. கைய நல்லாக் கழுவிகினேன். உள்ள போவலாமா?"

மாஸ்க்கை நானே கழற்றினேன். கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். உங்கள் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். ஓரத்தைத் தொட்டு, கரையைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கஞ்சி வாசனை தேவைப்படவில்லை, நெய்தவளுக்குத் தன் கை தெரியும்.

"கட்டிக்கிச்சா?" என்றாள். "நான் நெய்ஞ்சதுன்னு தெரிஞ்சே கட்டிக்கிச்சா?"

"தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டாங்க" என்றேன். "மோந்து பார்த்ததுமே சொல்லிட்டாங்க, எங்க வூட்டுத் துணின்னு. நீ ஆஸ்பத்திரிக்கு வந்ததுல அவ்வளவு சந்தோஷம்."

அவள் நம்பிவிட்டாள், அண்ணி. ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்படியே உங்கள் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

இன்றைக்கும் நல்லநாள், கெட்டநாள் பார்க்காமல் போன் செய்கிறாள். சுற்றி வளைத்து எங்கெங்கோ போய்க் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். "அக்கா என்ன மன்னிச்சிடுச்சி இல்ல?" என்பாள். மன்னித்துவிட்டார்கள் என்பேன். இன்று காலை, இந்தக் கூடையை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்கூடக் கேட்டாள். அப்படியேதான் சொன்னேன்.

நீங்கள்தான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை, அண்ணி.

மலர்